பந்தயக் காரிலிருந்து ஒலிவாங்கி வரை



வானொலியில் காற்பந்து வர்ணனை கேட்டு மகிழாத குடும்பம் நம்மிடையே குறைவு. பந்து யார் காலில் இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று வர்ணனையாளர் சொல்லச் சொல்ல, திடலை நேரில் காணாத நாமும் திடலின் ஓரத்தில் நிற்பது போல் உணர்கிறோம். சில வேளைகளில் அவர் பக்கத்தில் இன்னொருவரும் அமர்ந்திருப்பார். அவர் ஒரு காலத்தில் அதே விளையாட்டை ஆடிப் பெயர் பெற்றவர். என்ன நடந்தது என்று முதலாமவர் சொல்வார். ஏன் அப்படி நடந்தது என்று இரண்டாமவர் விளக்குவார்.

இந்த இரண்டாமவருக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வருகிறது? அந்தப் பணியில் என்ன நன்மை இருக்கிறது, என்ன ஆபத்து இருக்கிறது? இதை ஒரு மனிதருடைய வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு இன்று பார்ப்போம். அவர் பெயர் ஜேம்ஸ் ஹண்ட். இங்கிலாந்து நாட்டவர். 1976-ஆம் ஆண்டில் மோட்டார் கார் பந்தயத்தில் உலக வெற்றியாளர் பட்டம் பெற்றவர். பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் பி.பி.சி. தொலைக்காட்சியில் பந்தய வர்ணனை செய்தவர்.

ஹண்ட் 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் லண்டனுக்கு அருகில் சர்ரே மாவட்டத்தில் பிறந்தார். தந்தை பங்குச் சந்தைத் தரகர். வசதியான குடும்பம், நல்ல பள்ளிக்கூடம். மகன் டாக்டராக வருவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். பதினெட்டாவது பிறந்த நாளுக்குச் சற்று முன்பு, நண்பர் வீட்டாருடன் சில்வர்ஸ்டோன் என்ற இடத்துக்குக் கார் பந்தயம் பார்க்கப் போனார். அன்றோடு டாக்டர் படிப்பு எண்ணம் போய்விட்டது. பந்தய வீரன் ஆவேன், அதிலும் உலக வெற்றியாளன் ஆவேன் என்று சொல்லத் தொடங்கினார்.

பெற்றோர் அதற்குப் பணம் தரவில்லை. ஆகவே பல வேலைகள் செய்து காசு சேர்த்தார். விபத்தில் நொறுங்கிய ஒரு மினி காரை வாங்கி, அதைச் சீர்ப்படுத்த இரண்டு ஆண்டுகள் பாடுபட்டார். முதல் பந்தயத்துக்குக் காரைக் கொண்டு போனபோது, சோதனை அதிகாரிகள் அதை ஓட விடவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஓட்டுநர் அமர வேண்டிய இடத்தில், வீட்டு முற்றத்தில் போட்டு உட்காரும் சாதாரண நாற்காலி ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார்! ஒழுங்கான இருக்கை வாங்கக் கையில் பணம் இல்லை.

இங்கே பந்தய உலகின் படிகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாக ஏறுவது போலப் பந்தயத்திலும் வகுப்புகள் உண்டு. பார்முலா என்றால் விதிமுறை. எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருக்கலாம், காரின் அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று வரையறுப்பதே அந்த விதிமுறை. ஹண்ட் காலத்தில் கீழ் வகுப்பு பார்முலா போர்டு. அதற்கு மேலே பார்முலா மூன்று, பார்முலா இரண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது பார்முலா ஒன்று. ஒருவர் மட்டும் அமரக்கூடிய, மேற்கூரை இல்லாத, நான்கு சக்கரங்களும் வெளியே தெரியும் கார்கள் அவை. உலக வெற்றியாளர் பட்டம் அந்த உச்சி வகுப்பில்தான் வழங்கப்படுகிறது.

பள்ளி வகுப்புக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே திறமை மட்டும் இருந்தால் மேல் வகுப்புக்குப் போய்விட முடியாது. கார், டயர், எண்ணெய், மெக்கானிக் சம்பளம் எல்லாவற்றுக்கும் யாராவது பணம் போட வேண்டும். ஆகவே கீழ் வகுப்புகளிலேயே வெற்றி காட்டி, பணம் உள்ளவர் கண்ணில் பட வேண்டும்.

ஹண்ட் 1968-இல் பார்முலா போர்டில் ஓட்டத் தொடங்கினார். ஒரு பந்தயத்தில் அவருடைய கார் பாதையை விட்டு விலகி ஏரிக்குள் போய் விழுந்தது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டதால் உயிர் தப்பினார். 1969-இல் பார்முலா மூன்றுக்கு உயர்ந்தார். வேகம் இருந்தது, வெற்றிகளும் வந்தன. ஆனால் மோதல்களும் கூடவே வந்தன. பந்தயக்காரர்கள் தங்கள் பேச்சில் மோதலை 'ஷண்ட்' என்பார்கள். எதுகையாக 'ஹண்ட் த ஷண்ட்' என்று அவருக்குப் பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கோபமும் அவரிடம் அதிகம். 1970-ஆம் ஆண்டு லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பந்தயத்தில், கடைசிச் சுற்றில் இன்னொரு வீரர் அவர் காரோடு மோதினார். ஹண்ட் காரிலிருந்து இறங்கி ஓடிப் போய் அந்த வீரரைக் கீழே தள்ளினார். தொலைக்காட்சி வழியாக நாடே அதைப் பார்த்தது.

வெளியே இப்படி முரட்டு மனிதராகத் தோன்றியவர் உள்ளுக்குள் அச்சம் உடையவர். பந்தயம் தொடங்குமுன் படபடப்பினால் வாந்தி எடுப்பார். காரில் உட்கார்ந்த பிறகும் உடம்பு நடுங்கும். அது காரணமில்லாத அச்சம் அன்று. அந்தக் காலத்தில் பந்தய வீரர்கள் ஆண்டுதோறும் மாண்டுகொண்டிருந்தார்கள். 1973-இல் ஹண்ட் பார்முலா ஒன்றுக்குள் நுழைந்தார். அந்த ஆண்டு ஹாலந்துப் பந்தயத்தில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். அதே பந்தயத்தில் ரோஜர் வில்லியம்சன் என்ற இளைஞர் எரியும் காருக்குள் சிக்கி மாண்டார். ஆண்டின் கடைசியில் அமெரிக்கப் பந்தயத்தில் ஹண்ட் இரண்டாம் இடம் பெற்றார். அதற்கான பயிற்சி ஓட்டத்தின்போது பிரான்சு நாட்டு வீரர் பிரான்சுவா செவெர் உயிர் இழந்தார். பரிசு வாங்கும் இடமும் பிணம் தூக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன.

ஹண்டைப் பார்முலா ஒன்றுக்கு அழைத்து வந்தவர் ஹெஸ்கெத் என்ற இளம் பிரபு. சொந்தப் பணத்தைப் போட்டுக் குழு நடத்தியவர். பந்தயத்துக்கு வந்த இடத்திலும் விருந்தும் கேளிக்கையுமாக இருந்த இந்தக் குழுவை மற்றவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் என்று எண்ணினார்கள். ஆனால் 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹாலந்தில் நிலைமை மாறியது. மழையில் தொடங்கிய பந்தயம். பாதை காய்வதைக் கண்டு, மற்றவர்களுக்கு முன்பாகவே ஹண்ட் மழை டயரைக் கழற்றி உலர் டயரை மாட்டிக்கொண்டார். அதனால் முன்னிலைக்கு வந்து, பெராரி காரில் துரத்திவந்த நிக்கி லவுடாவைக் கடைசி வரை தடுத்து நிறுத்தி வென்றார். அதுவே உலகப் பட்டப் போட்டியில் அவருடைய முதல் வெற்றி.

அந்த ஆண்டின் முடிவில் ஹெஸ்கெத் பிரபுவால் செலவைத் தாங்க முடியவில்லை. ஹண்டுக்குக் கார் இல்லை. அந்த நேரத்தில் மெக்லாரன் குழுவிலிருந்து பிரேசில் நாட்டு வீரர் எமர்சன் பிட்டிபால்டி விலகினார். காலியான இடம் ஹண்டுக்குக் கிடைத்தது.

1976-ஆம் ஆண்டுப் போட்டி இன்றும் பேசப்படுகிறது. எதிரே நின்றவர் ஆஸ்திரியா நாட்டின் நிக்கி லவுடா. இருவரும் பழைய நண்பர்கள். ஸ்பெயினில் ஹண்ட் வென்றார். காரின் அகலம் விதியைக் காட்டிலும் சற்றுக் கூடுதல் என்று வெற்றியைப் பறித்தார்கள். மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் வென்றார், அதையும் பறித்தார்கள், திருப்பித் தரவில்லை. ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனியில் லவுடாவின் கார் தீப்பற்றியது. சக வீரர்கள் அவரை நெருப்பிலிருந்து வெளியே இழுத்தார்கள். மருத்துவமனையில் அவருக்குப் பாதிரியார் இறுதிச் சடங்கும் செய்தார். ஆனால் ஆறே வாரத்தில், காயம் ஆறாத தலையில் கட்டோடு லவுடா மீண்டும் காரில் ஏறினார்.

கடைசிப் பந்தயம் அக்டோபர் 24-ஆம் நாள் ஜப்பானில் நடந்தது. லவுடா 68 புள்ளி, ஹண்ட் 65 புள்ளி. கொட்டும் மழை; மூடுபனி. இந்த நிலையில் ஓட்டுவது கொலைக்குச் சமம் என்று இரண்டு சுற்றுக்குப் பின் லவுடா தாமாகவே விலகிக்கொண்டார். ஹண்ட் முதலிடத்தில் ஓடினார். பாதை காயத் தொடங்கியது. மழை டயர்கள் காய்ந்த பாதையில் சூடேறித் தேய்ந்தன. ரப்பரோடு பழகிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருக்கையில் டயர் மாற்ற நிறுத்த வேண்டியதாயிற்று. ஐந்தாம் இடத்துக்குப் போனார். அந்த இடத்தில் முடித்தால் பட்டம் இல்லை. வெறி பிடித்தவர் போல் ஓட்டி மூன்றாம் இடத்துக்கு வந்தார். காரை நிறுத்தியதும், பட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று எண்ணிக் குழு மேலாளரிடம் சண்டைக்குப் போனார். மூன்று விரலைக் காட்டி, நீ மூன்றாவது, நீதான் வெற்றியாளன் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. 69-க்கு 68. ஒரே ஒரு புள்ளி.

அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்தது. 1977-இல் மூன்று வெற்றிகள். 1978-இல் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இத்தாலியின் மோன்சாப் பந்தயத்தில் நடந்ததை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சின் முக்கியமான பகுதிக்கு அது தேவைப்படும். புறப்பட்ட சில நொடிகளில், பாதை குறுகும் இடத்தில் பல கார்கள் ஒன்றோடொன்று மோதின. சுவீடன் நாட்டு வீரர் ரோனி பீட்டர்சனின் கார் தீப்பற்றியது. அவரை நெருப்பிலிருந்து இழுத்தவர்களில் ஹண்டும் ஒருவர். கால்கள் நொறுங்கியிருந்த பீட்டர்சன் மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்தார். 1979-ஆம் ஆண்டு மே மாதம், மொனாக்கோ பந்தயத்தோடு ஹண்ட் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 31.

முப்பத்தொரு வயதில் ஒரு மனிதனின் தொழில் முடிந்துவிட்டால் அவன் என்ன செய்வான்? பணம் இருந்தது. ஆனால் காலையில் எழுந்து போவதற்கு வேலை இல்லை. குடி கூடியது, மனச்சோர்வு வந்தது. அந்த நேரத்தில் பி.பி.சி. தொலைக்காட்சி அவரை வர்ணனைக்கு அழைத்தது. 1980-ஆம் ஆண்டு முதல் மரே வாக்கர் என்பவரோடு அமர்ந்தார்.

வாக்கர் 1923-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றியவர். எதையும் முன்கூட்டியே படித்து, குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு வருபவர். பேசத் தொடங்கினால் நின்றுகொண்டே, உச்சக் குரலில், மூச்சு விடாமல் பேசுவார். ஹண்டோ கடைசி நிமிடத்தில் வந்து சேர்வார். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசுவார். தொடக்கத்தில் வாக்கருக்கு இந்தக் கூட்டாளியைப் பிடிக்கவில்லை. ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பதற்காக இருவருக்கும் சேர்த்து ஒரே ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் கையிலிருந்து அது மற்றவர் கைக்குப் போக வேண்டும். தொலைதூர நாடுகளில் நடந்த பல பந்தயங்களை இருவரும் லண்டன் நிலையத்தில் அமர்ந்து, நேயர்கள் பார்த்த அதே படத்தைப் பார்த்துத்தான் வர்ணித்தார்கள்.

அதே படத்தைப் பார்த்தாலும் ஹண்ட் கண்டது வேறு. ஒரு கார் வளைவில் இலேசாக வழுக்கினால், அதன் பின் டயர் தேய்ந்துவிட்டது, இன்னும் சில சுற்றில் இவர் பின்னால் வருபவரிடம் பிடிபடுவார் என்று சொல்வார். அப்படியே நடக்கும். இரண்டு கார் மோதிக்கொண்டால், யார் எங்கே பிரேக் போட்டிருக்க வேண்டும் என்று விளக்குவார். வீட்டில் இருந்த தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும்கூட விளங்கும்படி எளிமையாகச் சொன்னார். நாற்காலி பொருத்திய மினி கார், ஏரியில் விழுந்த கார், ஜப்பானில் தேய்ந்த டயர் எல்லாம் அந்த அறிவுக்குள் இருந்தன. நம் தோட்டத்தில் பால் வெட்டி அனுபவம் மிக்க பெரியவர் மரப்பட்டையைப் பார்த்த மாத்திரத்தில், வெட்டியவன் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவார் அல்லவா? அதைப் போன்றது அது.

இன்னொரு குணமும் அவரிடம் இருந்தது. யாருக்கும் அஞ்சி அவர் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. பெரிய வீரரானாலும் தவறாக ஓட்டினால் தவறு என்றே சொன்னார். 1989-இல் மொனாக்கோ பந்தயத்தில், மெதுவாக ஓடிப் பின்னால் வந்தவர்களுக்கு வழிவிடாத ஒரு மூத்த வீரரைப் பற்றி, ஒளிபரப்பில் சொல்லக் கூடாத சொல்லாலேயே பேசிவிட்டார். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை ஒடுக்கிய நிறவெறி ஆட்சியையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். அங்கு நடந்த பந்தயத்தை வர்ணிக்கும்போதும் அந்தக் கொடுமையைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. நேயர்கள் அவரை நம்பியது இதனால்தான்.

நேயர்களே, இனி மோன்சாவுக்குத் திரும்புவோம். நம்பிக்கை பெற்ற ஒரு குரல் என்ன தீங்கு செய்ய முடியும் என்பதற்கும் ஹண்டின் வாழ்க்கையே சான்று.

பீட்டர்சன் இறந்ததற்கு இத்தாலிய வீரர் ரிக்கார்டோ பத்ரேசேதான் காரணம் என்று ஹண்ட் உறுதியாக நம்பினார். பத்ரேசேக்கு அப்போது வயது 24. அவர் வலப்பக்கமாக முந்தி வந்து தம்மை இடித்ததால்தான் தமது கார் பீட்டர்சனின் காரில் மோதியது என்பது ஹண்டின் கூற்று. தாம் முன்னே போய்விட்டதாகவும், ஹண்டின் காரைத் தொடவே இல்லை என்றும் பத்ரேசே மறுத்தார். மூத்த வீரர்கள் கூடி, பத்ரேசே ஓட்டினால் தாங்கள் ஓட்டமாட்டோம் என்றார்கள்; அடுத்த பந்தயத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னர் இத்தாலிய நீதிமன்றத்தில் பத்ரேசே மீதும், பின் வரிசைக் கார்கள் நிற்குமுன்பே பச்சை விளக்குக் காட்டிய அதிகாரி மீதும் வழக்கு நடந்தது. 1981-ஆம் ஆண்டில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு வந்த பிறகும் ஹண்ட் தமது கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பத்ரேசேயின் கார் திரையில் வரும்போதெல்லாம் அவரைக் குறைகூறினார். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. பத்ரேசேயோ 250-க்கு மேற்பட்ட பந்தயங்கள் ஓட்டி, ஆறு வெற்றிகள் பெற்று, 1992-இல் உலக வரிசையில் இரண்டாம் இடத்துக்கு வந்தவர். ஹண்டின் குரலை மட்டும் கேட்டு வளர்ந்த பிரிட்டிஷ் நேயர் பலருக்கு அவர் ஓர் ஆபத்தான ஓட்டுநராகவே தெரிந்திருப்பார்.

இதைச் சிந்தித்துப் பாருங்கள். ஹண்ட் பொய் சொல்லவில்லை. தாம் நம்பியதைத்தான் சொன்னார். எரியும் காரிலிருந்து நண்பரை இழுத்தவரின் துயரம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. ஆனால் நம்புவது வேறு, உண்மை வேறு. ஒலிவாங்கி ஒருவர் கையில்தான் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே வந்து பதில் சொல்ல வழியில்லை. அச்சமின்றிப் பேசுவது பெருமைதான். பேசியதை மறுபடி எடுத்துச் சோதித்துப் பார்ப்பதும் அந்தப் பெருமையின் பகுதி. முதலாவதில் ஹண்ட் சிறந்து நின்றார். பத்ரேசே விஷயத்தில் இரண்டாவதைச் செய்யத் தவறினார்.

கடைசி ஆண்டுகளில் ஹண்டின் வாழ்க்கை அமைதியானது. முதலீட்டில் பெரும் பணத்தை இழந்திருந்தார். ஆனாலும் குடியை விட்டார், சைக்கிளில் போய்வந்தார், ஒரு பழைய ஆஸ்டின் வேனை ஓட்டினார், வீட்டில் சிறு கிளிகளை வளர்த்தார். தம் இரு பிள்ளைகளோடு நேரம் கழித்தார். வர்ணனைக்கு ஒழுங்காக முன்கூட்டியே வந்தார். தொடக்கத்தில் அவரை விரும்பாத வாக்கர் இப்போது அவரை மதித்தார். 1993-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் கனடாப் பந்தயத்தை இருவரும் சேர்ந்து வர்ணித்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூன் 15-ஆம் நாள், மாரடைப்பினால் ஹண்ட் தம் வீட்டில் இறந்தார். வயது 45. பத்ரேசே பார்முலா ஒன்றிலிருந்து விலகியதும் அந்த ஆண்டில்தான்.

ஹண்ட் நடந்த பாதையில் பின்னர் பலர் நடந்தார்கள். மார்ட்டின் பிரண்டல் என்ற பிரிட்டிஷ் வீரர் 1997-இல் வாக்கர் பக்கத்தில் அமர்ந்தார். 1984-இல் சென்னையில் பிறந்த கருண் சந்தோக் ஆசியச் சிறு பந்தயங்களிலிருந்து படிப்படியாக ஏறி, 2010-இல் பார்முலா ஒன்றில் ஓட்டினார். நம் சிப்பாங் பாதையிலும் ஓட்டியிருக்கிறார். பின்னர் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வர்ணனையாளரானார். மலேசியாவின் முதல் பார்முலா ஒன்று வீரரான அலெக்ஸ் யூங் 2001-இல் இத்தாலியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டினார்; அவரும் பிற்பாடு விளையாட்டு வர்ணனைக்கு வந்தார்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை விளையாட்டு வர்ணனை கேட்கும்போது அந்த இரண்டாவது குரலைச் சற்றுக் கவனியுங்கள். அதற்குப் பின்னால் ஒருவருடைய இளமைக் கால உழைப்பு இருக்கிறது. அதை மதித்துக் கேளுங்கள். அவர் யாரையேனும் குற்றம் சொன்னால், சொல்லப்படுபவர் அங்கே இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கேட்டதை அப்படியே நம்பிவிடாமல், நம் பிள்ளைகளோடு அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.